ஆட்டுத் தரகர் வெள்ளைச்சாமி சொன்ன சாட்சி

சென்ற வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, பிரஷர் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு தண்ணீர்ச் செம்பைத் தேடிக்கொண்டிருந்தேன். டாக்டர் தமிழ்ச்செல்வி தொலைபேசியில் அழைத்தார். அவர் ஞாயிற்றுக்கிழமைகளில்தான் அழைப்பார். வெள்ளிக்கிழமை அழைத்ததே எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

"சார், உட்கார்ந்திருக்கீங்களா?"

உட்கார்ந்தேன்.

"வெள்ளைச்சாமி அண்ணன் போயிட்டாங்க சார். நேத்து சந்தைக்குப் போய்ட்டு வந்து நல்லாச் சாப்பிட்டிருக்காங்க. சாயங்காலம் கட்டில்ல சாஞ்சவங்க எந்திரிக்கல. ஹார்ட் அட்டாக்."

பிறகு டாக்டர் குரலைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "வேற எதுவும் காரணம் இல்ல சார். கேக்கறவங்ககிட்ட நீங்க தெளிவாச் சொல்லணும்."

ஆகவே அதை முதலில் எழுதிவிடுகிறேன். அய்யலூர் ஆட்டுச் சந்தையின் தரகர் திரு. வெள்ளைச்சாமி தமது அறுபத்து நான்காம் வயதில் மாரடைப்பால் காலமானார். அவர் உடம்பில் எச்.ஐ.வி. கிருமி பல ஆண்டுகளாக இருந்தது. மாத்திரையை ஒரு நாளும் தவறவிடாமல் போட்டு அதை அடக்கி வைத்திருந்தார். அவர் இறந்தது அதனால் அல்ல. இதை எழுதலாமா என்று அவர் மனைவி பஞ்சவர்ணம் அம்மாளிடம் இரண்டு முறை கேட்டேன். இரண்டாம் முறை அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "பேரைப் போட்டே எழுதுங்க சார். அவுக ஆபீசர் முன்னாடியே சொன்னதுதான?" என்றார்.

நான் முப்பத்து நான்கு ஆண்டுகள் அரசு மருந்தாளுநராக இருந்தவன். கடைசி ஒன்பது ஆண்டுகள் வடமதுரைக்கு அப்பால் ஒரு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தேன். வெள்ளைச்சாமியைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் சந்தையில் நூறு பேர் இருப்பார்கள். ஆனால் அவர்கள் எழுத மாட்டார்கள், பேசுவார்கள். எனக்குப் பேச வராது. அதனால் இந்த வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. நினைவு பிசகிய இடங்களில் டாக்டரிடம் கேட்டுத் திருத்தியிருக்கிறேன்.

டாக்டர் தமிழ்ச்செல்வி எங்கள் நிலையத்துக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. வந்த ஓரிரு மாதத்தில் அவர் ஒன்றைக் கவனித்தார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் எச்.ஐ.வி. உள்ள ஆண்கள் திண்டுக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் மாதாமாதம் மாத்திரை வாங்கினார்கள். அவர்களுடைய மனைவிமாரில் பலருக்குக் கிருமி இல்லை. கணவனின் இரத்தத்தில் கிருமி அடங்கும்வரை மனைவிக்குத் தொற்றாமல் காக்க ஒரு மாத்திரை உண்டு. தினம் ஒன்று போட வேண்டும். இடையிடையே இரத்தம் பார்க்க வேண்டும். ஆனால் அன்று எங்கள் நிலையத்து மருந்துப் பட்டியலில் அது கிடையாது. டாக்டர் தமக்குத் தெரிந்த மருத்துவ நண்பர்களிடம் கேட்டு அதை வரவழைத்தார். யாரிடமும் ஒரு காசு வாங்கவில்லை.

மாத்திரை வந்துவிட்டது, வாங்கத்தான் ஆள் வரவில்லை. எங்கள் நிலையத்து பெஞ்சில் ஒரு பெண் பத்து நிமிடம் உட்கார்ந்தால் போதும், அவளுக்கு என்ன நோய் என்று ஊரே நான்கு விதமாகச் சொல்லும். அப்போதுதான் டாக்டர் வியாழக்கிழமைச் சந்தையைப் பற்றிக் கேட்டார். "அங்க எல்லா ஊர்க்காரங்களும் வருவாங்க இல்ல சார்? எதுக்கு வந்தன்னு யாரும் கேக்க மாட்டாங்க."

இடம் பார்த்து வர என்னை அனுப்பினார். விடிந்தும் விடியாத நேரம். ஆடுகளும் ஆட்களும் வேன்களுமாக நெருக்கியடித்த கூட்டத்தில், கையில் ஒரு மடக்கு மேசையோடு, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிடாய் என்னை முட்டும் நிலையில் நின்றிருந்தேன். வெள்ளை வேட்டியும் தோளில் பச்சைத் துண்டுமாக ஒருவர் வந்து மேசையின் மறுமுனையைப் பிடித்தார்.

"ஆடு வாங்க வந்தீங்களா, மேசை விக்க வந்தீங்களா?"

நான் அரசு மருந்தாளுநர் என்றும், பிரஷர் பார்க்க இடம் தேடுகிறேன் என்றும் சொன்னேன்.

"ஓ, கம்பவுண்டர் சாரா."

கம்பவுண்டர் என்பது பழைய சொல், மருந்தாளுநர் என்பதே சரி என்று திருத்தினேன். இப்படித் திருத்துவது என் கெட்ட பழக்கம்.

"வெள்ளாட்டப் போயி ஆடுன்னு கூப்ட்டா அது கோவிச்சுக்கவா போகுது? வாங்க சார், அந்த வேப்பமரத்தடி நெழலு. செத்த ஓரம், ஆனா யாரும் முட்ட மாட்டாக."

அவ்வாறு அறிமுகமானவர்தான் வெள்ளைச்சாமி. அன்று முதல் கடைசிவரை நான் அவருக்குக் கம்பவுண்டர் சார்தான்.

வியாழன் தோறும் பணி நேரத்துக்கு முன்பாக டாக்டரும் நானும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். 'பிரஷர், சர்க்கரை இலவசமாகப் பார்க்கப்படும்' என்று ஓர் அட்டை. பிரஷர் பார்க்கக் கூட்டம் வந்தது. வந்தவர்களிடம் டாக்டர் அந்த மாத்திரையைப் பற்றியும் பொதுவாகச் சொல்லிவைத்தார். எதற்காகப் போனோமோ அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெள்ளைச்சாமி மட்டும் மூன்று வியாழன் தொடர்ந்து வந்து பிரஷர் பார்த்துக்கொண்டார். மூன்று முறையும் சரியாகவே இருந்தது. நான்காம் வியாழன் உட்கார்ந்தவர் கையை நீட்டவில்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து மேசைமேல் தம் கையை மூடினாற்போல் போட்டார்.

"அம்மா, கேக்க வந்தத வாயால கேக்க முடியல. இதுக்குள்ள கேட்டுக்கிறேன்."

எங்கள் பக்கத்து ஆட்டுச் சந்தைகளில் விலையை வாயால் பேச மாட்டார்கள். விற்பவரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்கு அடியில் கையைக் கோத்து, விரல்களைப் பிடித்தும் அழுத்தியும் பேசிக்கொள்வார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் என்ன விலை என்று தெரியாது. அவர் செய்தது அதைத்தான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "எனக்கு உங்க கணக்கு தெரியாதேண்ணே."

"நான் சொல்லித்தாரேன். ஒரு வெரலப் பிடிச்சா, எனக்கு ரத்தம் பாக்கணும்னு அர்த்தம். ரெண்டு வெரலப் பிடிச்சா, வீட்ல இருக்கறவளுக்கு வராமக் காக்கணும்னு அர்த்தம். சரிதான?"

டாக்டர் தம் கையைத் துண்டுக்குள் விட்டார். என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை. கையை வெளியே எடுத்தபோது டாக்டரின் முகம் மாறியிருந்தது. "பஞ்சவர்ணத்தக் கூட்டிட்டு எப்ப வரட்டும்?" என்று மட்டும் கேட்டார் வெள்ளைச்சாமி.

அவருக்கு அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. லாரியில் ஆடு ஏற்றிக்கொண்டு கேரளம்வரை போய் வந்தவர். பின்னாளில் ஒருமுறை அவரே சொன்னார்: "எப்படி வந்துச்சுன்னு கேக்காத ஒரே ஆளு அந்த டாக்டரம்மாதான் சார். எப்படிப் போகாமப் பாத்துக்கறதுன்னுதான் பேசுவாக."

அடுத்தடுத்த வாரங்களில் துண்டு நன்றாக வேலை செய்தது. ஆணுறை வேண்டும் என்றால் மூன்று விரல். தனியாகப் பேச வேண்டும் என்றால் முழுக்கை. ஆண்கள் துண்டால் கேட்டார்கள், பெண்கள் முந்தானையால் கேட்டார்கள். பத்துப் பன்னிரண்டு பெண்கள் மாத்திரை போடத் தொடங்கினார்கள். நான் வரிசை எண் மட்டும் போட்டு, பெயரில்லாமல் ஒரு நோட்டில் யாருக்கு எப்போது இரத்தம் பார்க்க வேண்டும் என்று குறித்துவந்தேன். சந்தையில் மேசை போட்டிருந்த அந்த ஒன்றரை ஆண்டில் அவர்களில் ஒருவருக்கும் கிருமி தொற்றவில்லை. இதை நான் பெருமையோடு சொல்ல ஆசைப்படுகிறேன். ஆனால் அடுத்து எழுதப்போவதைப் படித்தபின் எனக்கு அந்தப் பெருமையில் பங்கு உண்டா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

யாரோ ஒரு மொட்டை மனு போட்டார்கள். கூடவே செல்போனில் எடுத்த ஒரு படம். படத்தில் டாக்டரும் வெள்ளைச்சாமியும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் துண்டு, இருவர் கையும் துண்டுக்குள். எழுதியவரை நான் முழுக்கக் குற்றம் சொல்ல மாட்டேன். எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஆட்டுச் சந்தையில் துண்டுக்குள் கை போனால் அதற்கு ஒரே பொருள்தான்: விலை பேசுகிறார்கள். வேறு ஊர்க்காரனாக இருந்தால் என்ன இது என்று கேட்டிருப்பான். எங்கள் ஊர்க்காரனுக்குக் கேட்கவே தோன்றாது. தரகரை வைத்து டாக்டர் சந்தையில் மாத்திரை விற்கிறார், ஆளுக்கொரு விலை பேசுகிறார் என்று மனு சொன்னது.

டாக்டர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். குற்றச்சாட்டுகள் மூன்று. நோயில்லாதவர்களுக்கு நோய்க்கான மாத்திரை கொடுத்தது. அனுமதியின்றி நிலையத்துக்கு வெளியே சிகிச்சை செய்தது. மருந்துக்கு விலை பேசியது. முதல் இரண்டுக்கும் டாக்டரால் விளக்கம் தர முடிந்தது. மூன்றாவது நிலைத்தால் வேலையே போய்விடும். துண்டுக்குள் பேசியது விலை அல்ல என்று சொல்ல, அதற்குள் கைவிட்ட ஒருவர் வந்தாக வேண்டும். ஆனால் டாக்டர் ஒரு பெயரையும் சொல்ல மறுத்துவிட்டார்.

"வெளிய தெரியாதுன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார். வேலை போனா வேற வேலை பாத்துக்கலாம்."

விசாரணையில் முதல் சாட்சியாக என்னை அழைத்தார்கள். நான் ஓய்வுபெற ஏழு மாதங்கள் இருந்தன. என் மேசையில் நோட்டு இருந்தது. விரல் கணக்கு எனக்கு மனப்பாடம். பெயர் ஒன்றும் சொல்லாமலே நான் அதை விளக்கியிருக்கலாம். துண்டுக்குள் என்ன பேசப்பட்டது என்று கேட்டார்கள். 'நான் பார்க்கவில்லை, எனக்குத் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

நான் பார்க்கவில்லை என்பது உண்மை. எனக்குத் தெரியாது என்பது பொய். ஒரு வரிக்குள் இரண்டையும் சேர்த்து வைத்தால் பொய் தெரியாது என்று அன்று நம்பினேன். டாக்டர் என் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு, "பரவாயில்ல சார், உங்க நிலைமை எனக்குப் புரியுது" என்றார். அவர் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

இதற்கிடையில் மாத்திரை நின்றுபோனது. அந்தப் பெண்கள் வியாழக்கிழமை வேப்பமரத்தடிக்கு வந்து, மேசை இல்லாததைப் பார்த்து, ஆடு பார்க்க வந்தவர்கள்போல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அய்யலூருக்கு பஸ் ஏறினேன். எதற்குப் போகிறேன் என்று எனக்கே தெளிவாகத் தெரியவில்லை. வெள்ளைச்சாமியின் வீடு ஊருக்கு வெளியே தோட்டத்தை ஒட்டி இருந்தது. பஞ்சவர்ணம் அம்மாள் தாயில்லாத குட்டி ஒன்றுக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் எழுதிக் கொடுத்ததை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.

வெள்ளைச்சாமி என்னை உற்றுப் பார்த்தார். "பயந்துட்டிங்களாக்கும்."

"ஆமாம்."

"நல்லது. பயந்தேன்னு ஒத்துக்கிட்ட ஆளு, வெலைய ஒளிக்க மாட்டான்." சிரித்துவிட்டு, பஞ்சவர்ணம் அம்மாளின் பக்கம் திரும்பினார். "ஏத்தா, கேட்டியா? நான் போயிச் சொல்லிட்டு வந்துரட்டுமா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாட்சி சொல்லும்படி அவரைக் கேட்க நான் போகவில்லை. அல்லது அதற்குத்தான் போனேனோ என்று இன்றும் சில நாட்களில் தோன்றும். "வேண்டாம். யோசித்துச் செய்யுங்கள். உங்கள் தொழிலே கையைப் பிடித்துப் பேசுவது. தெரிந்தால் யார் உங்கள் துண்டுக்குள் கை விடுவார்கள்?" என்றேன்.

அந்தக் கேள்வி அவர் மனத்தில் முன்பே இருந்திருக்கிறது என்பது முகத்தில் தெரிந்தது. முப்பது ஆண்டுகளாகச் செய்த தொழில். வேறு தொழில் தெரியாது. தொட்டால் ஒட்டாது என்று படித்தவர்களுக்கே அன்று நம்பிக்கை வராது.

பதில் பஞ்சவர்ணம் அம்மாளிடமிருந்து வந்தது. புட்டியைக் கீழே வைக்காமலே சொன்னார்: "போயிச் சொல்லுங்க. எனக்கென்ன வெக்கம்? 'எம் பொண்டாட்டிக்கு நோவு இல்ல'ன்னுதான சொல்லப் போறீக? அந்த டாக்டர்ப் பிள்ளையாலதான அது வராம இருக்கு?"

"சந்தையில கை குடுக்க மாட்டாகன்னா?" என்றார் வெள்ளைச்சாமி.

"குடுக்காட்டிப் போறாக. நாலு ஆடு மேச்சுப் பொழச்சுக்கலாம். ஒங்களுக்குப் பேசாம இருக்கத்தான் வராது. ஆடு அம்புட்டுக்கும் ஒங்க பேச்சுல காது செவிடாயிரும்."

வெள்ளைச்சாமி வாய்விட்டுச் சிரித்தார். பிறகு, "மவன்கிட்ட மொதல்ல சொல்லணும். அவன் வேற ஆளு சொல்லித் தெரிஞ்சுக்கக் கூடாது" என்றார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான். அன்று சாயங்காலமே அவனைக் கூப்பிட்டாராம். என்ன சொன்னான் என்று பின்னால் கேட்டேன்.

"எல்லாத்தையுங் கேட்டான் சார். பொறவு, 'சாப்டியாப்பா'ன்னு கேட்டான்." அதைச் சொல்லும்போது மட்டும் அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த விசாரணை நாளன்று திண்டுக்கல் அலுவலக வராந்தாவில் வெள்ளைச்சாமியையும் பஞ்சவர்ணம் அம்மாளையும் பார்த்ததும் டாக்டர் பதறி எழுந்தார்.

"அண்ணே, நீங்க எதுக்கு வந்தீங்க? நான் யாரையும் கூப்பிடலையே."

"நீங்க கூப்ட மாட்டீங்கம்மா. எம் பேர நீங்க சொல்லக் கூடாது, அது ஒங்க வேல. எம் பேர நான் சொல்லலாம்ல?"

உள்ளே நானும் இருந்தேன். என் வாக்குமூலத்தைத் திருத்திக்கொள்ள அனுமதி கேட்டு ஒரு மனு எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அதை நான்கு முறை படியெடுத்ததில் விரல்களில் மை. கொடுக்கலாமா வேண்டாமா என்று தடுமாறிக்கொண்டிருந்தபோதே வெள்ளைச்சாமியின் முறை வந்துவிட்டது.

விசாரணை அதிகாரி நேர்மையானவர். ஆனால் படத்தைப் பார்த்து முடிவு செய்துவிட்டவர். படத்தை எடுத்துக் காட்டிக் கேட்டார்.

"இது நீங்கதான?"

"ஆமாங்கய்யா. இதுல கொஞ்சம் கறுத்துத் தெரியிறேன்."

"துண்டுக்குள்ள என்ன வெலை பேசுனீங்க?"

"அய்யா, அதச் சொல்லிப் புரியாது. கையைக் குடுங்க."

அதிகாரி தயங்கினார். பிறகு ஒரு வேடிக்கைபோல மேசைமேல் கையை நீட்டினார். வெள்ளைச்சாமி துண்டைப் போட்டுக் கையை உள்ளே விட்டார்.

"இப்ப நான் எத்தன வெரலப் பிடிச்சேன்?"

"ரெண்டு."

"ரெண்டுன்னா, எம் பொண்டாட்டிக்கு மாத்திர வேணும்னு அர்த்தம். எனக்கு எய்ட்ஸ் கிருமி இருக்குங்கய்யா. அவளுக்கு இல்ல. வரவும் கூடாது. அதத்தான் அந்தம்மாகிட்டக் கேட்டேன். வாயால கேக்க வெக்கமா இருந்துச்சு. வெல பேசல. அந்தம்மா எங்கிட்ட ஒரு டீகூட வாங்கிக் குடிச்சதில்ல."

தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் விரல்கள் நின்றுவிட்டன. துண்டு அசைந்ததை நான் பார்த்தேன். அதிகாரியின் கை பின்வாங்கியது. ஆனால் துண்டின் விளிம்புவரை வந்த கை அங்கேயே நின்றது. பிறகு திரும்ப உள்ளே போனது. "உங்க மனைவிக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

"வெளியிலதான் ஒக்காந்திருக்கா. ரத்தம் பாத்த சீட்டு எல்லாத்தையும் மஞ்சப்பையில கொண்டாந்திருக்கா. ஆனா இந்த மூணு மாசமா மாத்திர இல்லய்யா. அவளுக்கு மட்டுமில்ல. மத்தவுக யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அவுக இங்க வர மாட்டாக. நானாச்சும் ஆம்பள, சந்தையில சத்தம் போட்டுப் பொழைக்கிறவன். அவுக பாவம்."

நான் எழுந்து நின்றேன். மனுவைக் கொடுத்து, என் முந்தைய வாக்குமூலத்தில் ஒரு பகுதி பொய் என்று சொன்னேன். விரல் கணக்கையும் நோட்டையும் விளக்கினேன். வெளியே வந்ததும் வெள்ளைச்சாமி என் தோளில் கைபோட்டு, "கம்பவுண்டர் சார் நடுங்குன நடுக்கத்துல ஆபீசர் மேசையே ஆடுச்சு" என்றார். என் வாழ்வில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதையே பெரிதாக வைத்திருக்கிறேன்.

அந்த வாரமே செய்தி சந்தைக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை நான் விடுப்புப் போட்டுவிட்டுச் சந்தைக்குப் போனேன். வெள்ளைச்சாமி வழக்கமான இடத்தில், பச்சைத் துண்டைக் கையில் போட்டபடி நின்றார். சுற்றிலும் வியாபாரம் நடந்தது. அவரிடம் யாரும் வரவில்லை. வணக்கம் சொன்னார்கள், கை நீட்டவில்லை. அவர் சிரித்த முகமாகவே நின்றார். ஆனால் துண்டை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார். நான் போய்க் கையை நீட்டினால் என்ன என்று நினைத்தேன். எனக்கு ஆடு வேண்டாம். விலை பேசவும் தெரியாது. வேண்டாத ஆட்டுக்கு விலை பேசுவது அவரை அவமதிப்பதாகாதா? இப்படி யோசித்து நான் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் காதர் பாய் என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

காதர் பாய் எதிர்த் தரகர். இருவரும் மாப்ளே, மாமா என்று கூப்பிட்டுக்கொண்டே இருபது ஆண்டுகளாகச் சண்டை போட்டவர்கள்.

"என்ன மாப்ளே, மரத்துக்கு முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்கிற? அந்த மயிலக் கிடா யாரோடது?"

"எம் பார்ட்டியோடது மாமா. ஒனக்குக் கட்டாது."

"கட்டுமா கட்டாதான்னு நான்ல சொல்லணும். கையைக் குடு."

துண்டுக்குள் கை போனது. சுற்றி நின்றவர்கள் ஆட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தத் துண்டைப் பார்த்தார்கள். சட்டென்று காதர் பாய் கையை வெளியே இழுத்து, சுட்டதுபோல் உதறினார்.

"அடப்பாவி! இந்த வெலைக்குக் கிடாய வாங்கிட்டுப் போனா எம் பொண்டாட்டி என்னைய வீட்டுக்குள்ள விடுவாளா? நோயி வந்தும் ஒனக்குப் புத்தி வரலையே மாப்ளே!"

"வீட்டுக்குள்ள விடாட்டி எங்க வீட்டுக்கு வா மாமா. பஞ்சவர்ணம் கொழம்பு வச்சிருப்பா."

முதலில் யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு வேப்பமரத்தடியே சிரித்தது. காதர் பாய் திட்டிக்கொண்டே மறுபடி கையை உள்ளே விட்டார். அன்று அந்தக் கிடாய் கைமாறியதா என்று எனக்கு நினைவில்லை. டாக்டருக்கும் தெரியவில்லை. மதியத்துக்குள் இன்னும் நான்கைந்து பேர் அவரிடம் கை கொடுத்தார்கள் என்பது நினைவிருக்கிறது. சிலர் பிறகும் கொடுக்கவில்லை. கடைசிவரை கொடுக்காதவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி அவர் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

விலை பேசிய குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. அனுமதியின்றி வெளியே சிகிச்சை செய்ததற்காக டாக்டருக்கு ஒரு கண்டனம் பதிவாயிற்று. அவர் அதே நிலையத்துக்குத் திரும்பி வந்தார். வந்த முதல் வேலையாக, சந்தையில் மேசை போட முறைப்படி அனுமதி கேட்டு எழுதினார். அந்தக் கடிதத்தின் வரைவு என்னுடையது. பதில் வர மாதங்கள் ஆயின, ஆனால் வந்தது. மூன்று மாதம் மாத்திரை இல்லாமல் இருந்த பெண்கள் எல்லோருக்கும் மறுபடி இரத்தம் பார்த்தோம். ஒவ்வொரு சீட்டையும் பிரிக்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். எல்லோருமே தப்பியிருந்தார்கள்.

பின்னர் வெள்ளைச்சாமியின் இரத்தத்தில் கிருமி முழுக்க அடங்கி நிலைத்தபின், "இனி இவரால உங்களுக்கு வராது, உங்களுக்கு மாத்திரை வேண்டாம்" என்று பஞ்சவர்ணம் அம்மாளிடம் டாக்டர் சொன்னார். "அப்ப இவுகள இனிமே நம்பலாங்கிறீக," என்றார் அந்த அம்மாள். "கிருமி விஷயத்துல மட்டும்," என்றார் டாக்டர். வெள்ளைச்சாமி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

வியாழன்தோறும் வியாபாரம் முடிந்ததும் அவர் மேசையருகே வந்து ஓர் ஓரமாக உட்காருவார். யாரையும் அழைக்க மாட்டார், புத்தி சொல்ல மாட்டார். தயங்கி நிற்பவர்களிடம் பேச்சுக் கொடுப்பார். "எனக்கும் அதான். உக்காரு" என்பார். அவ்வளவுதான். நான் ஓய்வுபெற்ற பிறகும் போய்ப் பார்த்திருக்கிறேன். பழனிப் பக்கத்திலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். இப்போது பலர் துண்டு இல்லாமலே கேட்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். இளம் பெண் ஒருத்தி எல்லோர் முன்னிலும் வந்து, 'வராமத் தடுக்கற மாத்திரை' என்று உரக்கக் கேட்டாளாம். அதைக் கேட்டு வெள்ளைச்சாமி அசந்துபோய், "நாமெல்லாம் எதுக்கும்மா அம்புட்டு வெக்கப்பட்டோம்?" என்றாராம்.

வெள்ளிக்கிழமை மதியம் அவரை எடுத்தார்கள். குளிப்பாட்டத் தண்ணீர் ஊற்ற உறவுக்காரர்களும் சந்தைக்காரர்களும் முண்டியடித்தார்கள். காதர் பாய் வாய் திறக்காமல் நின்றார். அவர் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரும் நானும் துக்கம் கேட்க மறுபடி போனோம். வீட்டு முற்றத்தில் பந்தல் இன்னும் பிரிக்கவில்லை. உறவுப் பெண்களும் அக்கம்பக்கத்தாரும் உட்கார்ந்திருந்தார்கள். திருப்பூர் மகன் எங்களுக்கு நாற்காலி போட்டான். அப்போது யாருக்கும் தெரியாத ஒரு பெண் உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நெய்க்காரப்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்ததாகச் சொன்னாள். பஞ்சவர்ணம் அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"ஏனுங்கக்கா, நீங்க அந்த மாத்திரைய எத்தன நாள் போட்டீங்க? ஒடம்புக்கு ஒண்ணும் பண்ணலீங்களா? எங்கூட்டுக்காரருக்கு இப்பத்தானுங்க தெரிஞ்சுது. எனக்குப் பயமா இருக்குங்க."

டாக்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பஞ்சவர்ணம் அம்மாள் கையைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார்.

"செத்த இருங்கம்மா. நான் சொல்லிக்கிறேன்."

அந்தப் பெண்ணைத் தம் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார். "மொத வாரம் கொஞ்சம் பெரட்டும். பொறவு ஒண்ணும் பண்ணாது. தெனம் ஒரே நேரத்துல போடணும். மறக்கக் கூடாது. நான் சோறு உண்ட கையோட போடுவேன். ஓம் புருசனும் அவரோட மாத்திரைய விடாமப் போடணும், தெரியுதா? மொதல்ல நீ ரத்தம் பாத்தியா?"

"இல்லீங்க."

"அது பாக்காம எப்படி? வியாழக்கெழம சந்தைக்கு வா. நான் வாரேன்."

கணவனைப் பறிகொடுத்து மூன்றாம் நாள். முற்றம் நிறைய ஆட்கள். அந்தப் பெண் தாழ்ந்த குரலில்தான் கேட்டாள்; பஞ்சவர்ணம் அம்மாள் தம் வழக்கமான குரலில், எல்லோருக்கும் கேட்கும்படியே பதில் சொன்னார். எழுந்து போனவர் ஒருவரும் இல்லை. பக்கத்தில் இருந்த ஒரு கிழவி மட்டும் கொஞ்சம் நகர்ந்து, அந்தப் பெண் கால் நீட்டி உட்கார இடம் விட்டார்.

போய் வாருங்கள், வெள்ளைச்சாமி. இங்கே பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.